அறுபத்தொன்றாம் கம்பம்

பணி ஆணையில் அதன் பெயர் "இடையூறு".
கம்பம் எண் அறுபத்தொன்று,
டோப்ராவாவின் களஞ்சியத்துக்கு எதிரே.
எடை அரை டன் இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.
தராசில் வைத்தவர் யாருமில்லை.

மார்ச் முதல் வாரம். நரேவ் ஆற்றுப் புல்வெளியில்
பனிக்கட்டி இன்னும் தகடு தகடாய்.
லூபோமிர் கிரேனைப் பார்த்துக்கொள்ள, நான் ஏறிக்
கூட்டை ரம்பத்தால் அறுத்தேன்.
இருபது வருடக் குச்சிகள், சாணம்,
வைக்கோல் கட்டும் நீலக் கயிறு,
ஒரு பொம்மையின் கால்,
கூட்டுறவுச் சங்க நாட்காட்டியிலிருந்து ஓர் அக்டோபர்.
அடியில் சிட்டுக்குருவிகள்
வாடகை தராமல் குடியிருந்த அறைகள்.
கம்பிக்கு ஒன்றரை மீட்டர் மேலே இரும்புத் தட்டு பொருத்திப்
பழைய குச்சிகளில் ஒரு வண்டி திரும்ப வைத்தோம்.
கையெழுத்துப் போடக் கழற்றிய வலக் கையுறையை
எங்கோ விட்டுவிட்டேன்.

ஆண் நாரை முதலில் வந்தது. மார்ச் இருபத்தாறு.
மூன்று முறை சுற்றியது,
சாவி பொருந்தாத கதவின் முன் நிற்பவனைப் போல.
பிறகு இறங்கியது.
தலை முதுகைத் தொடும்வரை கழுத்தை மடித்து
அலகைத் தட்டியது.
அதற்குக் குரல் கிடையாது.
அழைப்பு, மிரட்டல், சந்தோஷம்
எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கட்டைச் சத்தம்தான்.

ஐந்தாம் நாள் ஒரு பெண், காலில் வளையமில்லாதது.
வரவேற்பில் குறைவில்லை.
ஒன்பதாம் நாள் போன வருடத்துப் பெண்,
பச்சை வளையத்தோடு.
கூட்டின் விளிம்பில் ரத்தம்.
ஆண் ஒதுங்கி நின்று இறகு கோதியது.
"அதுக்குப் பெண்டாட்டி முக்கியமில்லை, முகவரிதான்"
என்றாள் டோப்ராவா.
அவள் கணவன் நார்வேக்கு லாரி ஓட்டுகிறான்.
நான் மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டேன்.

பச்சை வளையம் ஜெயித்தது.

ஜூன் பிறந்தும் மழை இல்லை.
சிவந்த கால்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தன;
தன் எச்சத்தைத் தன் காலிலேயே விட்டு
அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது.
தொண்டையில் தண்ணீர் கொண்டுவந்து
குஞ்சுகளின் மேல் ஊற்றுகிறது.
புல் அறுக்கும் டிராக்டருக்குப் பின்னால்
அவசரமில்லாத நடை, தவளைக்கும் எலிக்கும்.
கிடைத்தது போதவில்லை.
நான்கு குஞ்சுகளில் கடைசியை
ஆண் கழுத்தில் கவ்வித் தூக்கி
வெளியே போட்டது.

டோப்ராவா எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து
மின்சாரம் போய்விட்டது என்று பொய் சொன்னாள்.
அப்படிச் சொன்னால்தான் வண்டி வரும்.
அவள் ஏப்ரனுக்குள் அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
மேலே கொண்டுபோய் வைத்தேன்.
நான் இறங்கி முடிப்பதற்குள் மறுபடி கீழே.
இந்த முறை மூச்சில்லை.
"நாலுக்குப் போதாதது மூணுக்குப் போதும்" என்றான் லூபோமிர்.
அவள் அவனைப் பார்த்த பார்வைக்குப் பிறகு
நாங்கள் தேநீர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் பதினெட்டு, மூன்று இளசுகளும் கிளம்பின.
பெற்றவை இரண்டும் இன்னும்
வயலில் வெட்டுக்கிளி பொறுக்கிக்கொண்டிருந்தன.
தெற்கு எதுவென்று காட்ட இரண்டும் தலைகூடத் தூக்கவில்லை.
கடல் மேல் சூட்டுக்காற்று எழும்பாது,
அதனால் கடலைச் சுற்றித்தான் வழி:
இஸ்தான்புல்லின் ஒடுங்கிய நீர், சினாய் மணல், நைல்,
பிறகு சாட் நாட்டில் ஏதோ ஒரு சோளக்காட்டு ஓரம்.
சுழன்று ஏறி, சறுக்கி இறங்கி, மறுபடி ஏறி,
முடிந்தவரை இறக்கை அடிக்காமல்.
பதினொரு மீட்டர் ஏறவே
நான் இடுப்பில் பட்டை கட்டுகிறேன்.

செப்டம்பரில் கம்பியைச் சரிபார்க்கப் போனேன்.
கூட்டின் நடுவே, புல்லுக்கும் பழந்துணிக்கும் இடையில்,
மூன்று ஜோடிக் கால்கள் மிதித்துத் தட்டையாக்கிய
என் வலக் கையுறை.
இழுத்துப் பார்த்தேன். சாணத்தோடு இறுகியிருந்தது.
"மேல என்ன இருக்கு?" கீழிருந்து டோப்ராவா.
"ஒண்ணுமில்ல."

படிவத்தில் எழுதினேன்:
கூடு ஒன்று. காலி.
அகற்ற வேண்டியதில்லை.